பீருக்கு ஒரு ரஜாய்

பொங்கல் விழாவில் சந்தித்த சங்க நண்பர்கள் சிலர், "அமெரிக்கா போய் வந்தீர்களே, நயாகரா பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். நயாகரா பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு பீர்ப் போட்டி. அதற்கு முன் இரண்டு மாதம், அந்தப் போட்டிக்கு என் மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்ததை அருகில் இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, அதில் தலையிட்டேன் என்பதே சரி.

"இவருமா!" என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். எழுபது வயதை எட்டப்போகும் இந்த நாள்வரை ஒரு சொட்டு மதுவும் நான் தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 34 வருடம் கெமிஸ்டாக இருந்தவன். ஆலைக்குப் பக்கத்திலேயே வடிசாலை. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகை இங்கே 'சீரா' என்பார்கள். அந்தச் சீரா ஈஸ்ட் பட்டுப் பொங்குவதைத் தினமும் அளந்து எழுதியவன். ஆகவே குடிக்கத் தெரியாவிட்டாலும், அது எப்படி உண்டாகிறது என்பது எனக்குத் தெரியும்.

மகன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான் என்று என் மனைவி மூலமாகத் தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் அண்ணன் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் ஊரில் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சாராயத்தில் விழுந்து 1988-ல் 41 வயதில் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆறு மாதம் அவரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவம் உள்ளவனிடம் போய், 'இது ஒரு பொழுதுபோக்குங்கப்பா' என்றால் எப்படி இருக்கும்? நான்கு வருடம் மகனிடம் ஃபோனில் நலம் விசாரித்ததோடு சரி. 2024 ஜனவரியில் மனைவியின் பிடிவாதத்தால்தான் விமானம் ஏறினேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மகன் இருப்பது கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரின் புறநகர்ப் பகுதியில். நான் முதலில் கேட்டது, "இது சட்டப்படி சரியா?" என்பதுதான். சரிதான். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் நீங்கிய பிறகும் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு நாடு தழுவிய அனுமதி இல்லாமலே இருந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழி திறந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 காலன், இருவரோ மேலோ இருந்தால் 200 காலன், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. அதே 1978-ல் டென்வருக்குப் பக்கத்து ஊரான போல்டரில்தான் அமெரிக்க வீட்டுப் பீர் காய்ச்சுவோர் சங்கமும் தொடங்கப்பட்டது. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல் அனுமதி கொடுத்தன.

நம் நாட்டு நிலைமை வேறு. மது இங்கே மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கே அமலில் உள்ளது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறையில் இறங்கிவிடக் கூடாது. விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

வெல்லம் காய்ச்சுவது போலத்தான்

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. கேழ்வரகை முளைகட்டி மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அதே தத்துவம். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதிப்பொருள்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். உடைத்த மால்ட்டைச் சுமார் 67 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் இனிப்பான சாறு கிடைக்கிறது. அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களை அப்போது போட்டால் கசப்பும் வாசனையும் ஏறும். எங்கள் தோட்டத்தில் கரும்புச் சாறு கொப்பரையில் கொதித்தது நினைவுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. "குக்கர் இல்லாட்டி இந்த ஊர்ல பருப்பே வேகாது" என்று என் மனைவி அலுத்துக்கொண்டதும் அதனால்தான்.

கொதித்த சாற்றைச் செப்புச் சுருள் குழாயால் வேகமாகக் குளிரவைத்து, மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். மூடியில் ஒரு சின்னக் குழாய். உள்ளே உண்டாகும் கரியமில வாயு தண்ணீர் வழியே 'பொளக், பொளக்' என்று வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது.

மகன் காய்ச்சியது 'போர்ட்டர்' என்ற கருநிற ஆங்கிலேய பீர், 5 காலன், அதாவது 19 லிட்டர். அன்று ஜனவரி 27. சாற்றின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்தான்: 1.050. தண்ணீர் 1.000 என்றால் இது 1.050. சர்க்கரை கரையக் கரைய எண் குறையும், 1.013-ல் வந்து நிற்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தான். இந்த இறக்கத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஹைட்ரோமீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, பதினோரு வருடம் கழித்துப் பழைய சிநேகிதனைச் சந்தித்த மாதிரி இருந்தது. நான்கு வருடம் கழித்து மகனிடம் நான் பேசிய முதல் நீண்ட பேச்சும் அதைப் பற்றித்தான்.

நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும்

கல்யாணத் தேதி குறித்ததும் முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பந்தல்காரருக்கு என்றைக்குச் சொல்வது, பத்திரிகை என்றைக்கு அடிப்பது என்று திட்டம் போடுவோம் அல்லவா? போட்டிக்குப் பீர் காய்ச்சுவதும் அப்படியே.

நடுவர்கள் ருசி பார்ப்பது மார்ச் 16, சனிக்கிழமை. பாட்டில்களை ஒப்படைக்கக் கடைசி நாள் மார்ச் 6. அதன்பின் அவர்கள் அவற்றைக் குளிரில் வைத்துவிடுவார்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். ஆகவே பாட்டிலுக்குள் நடக்க வேண்டியது எல்லாம் அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது? நொதித்து முடிந்த பீரில் நுரை இருக்காது. அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். போக வழியில்லாத வாயு பீரிலேயே கரைந்து, திறக்கும்போது நுரையாக வரும். இதற்கு 20 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் மூன்று வாரம் கொடுப்பது நல்லது. வாளியில் நொதிக்க இரண்டு வாரம். ஆக, ஜனவரி 27-ல் காய்ச்சி, பிப்ரவரி 10-ல் பாட்டிலில் அடைத்தால் மார்ச் 6-க்குள் 25 நாள் கிடைக்கும். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹைட்ரோமீட்டர் இறங்கவில்லை

பிப்ரவரி 10 காலையில் மகன் அடித்தளத்து அறையில் கழுவிய பாட்டில்களை வரிசையாக அடுக்கிவிட்டான். அளந்தால் 1.019. "குமிழி ஒட்டிக்கிட்டு மீட்டரைத் தூக்கிக் காட்டும், ஆத்திப் பாரு கண்ணு" என்றேன். தவரா டம்ளரில் காபி ஆற்றுவது போல மாதிரியை நாலு முறை ஆற்றி, வாயு போனபின் மறுபடி பார்த்தோம். அதே 1.019.

மூன்று நாள் பொறுத்து 13-ம் தேதி அளந்தான். மாறவே இல்லை. "மூணு நாளா ஒரே எண் நின்னா நொதிச்சு முடிஞ்சதுன்னுதானுங்கப்பா கணக்கு. இன்னைக்கு அடைச்சிடலாம். இதை விட்டா அடுத்த வருஷம்தான்" என்றான்.

நான் சும்மா இருக்கவில்லை. 10-ம் தேதியே அந்த மாதிரியில் அரை டம்ளரை, அடியில் படிந்த ஈஸ்ட் கொஞ்சம் சேர்த்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி, வாயை லேசாக மூடி, சமையலறையில் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தேன். அங்கே வெப்பம் 24 டிகிரி. போகும்போதும் வரும்போதும் ஒரு குலுக்கு. வடிசாலையில் ஒரு தொட்டி நின்றுவிட்டால், சர்க்கரை தீர்ந்து நின்றதா, ஈஸ்ட் சோர்ந்து நின்றதா என்று அறிய நாங்கள் செய்யும் பழைய சோதனை இது. 13-ம் தேதி அதை அளந்தால் 1.013!

அதாவது சர்க்கரை தீரவில்லை. நடுவில் ஒரு வாரம் பனி கொட்டியதில் அடித்தள அறை 13 டிகிரிக்கு இறங்கி, ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிட்டது. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1.019-க்கும் 1.013-க்கும் இடையே உள்ள ஆறு புள்ளி, 19 லிட்டரில் ஏறக்குறைய 240 கிராம் சர்க்கரைக்குச் சமம். பாட்டிலில் நுரை வர நாம் சேர்க்கப்போவது 100 கிராம். ஆக 100 இருக்க வேண்டிய இடத்தில் 340 கிராம். உள்ளே அடைத்து வெதுவெதுப்பான அறையில் வைத்தால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். சாதாரண பீர் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கண்ணாடி வெடித்துச் சிதறும். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. அந்த அறையில்தான் சைக்கிள் ஓட்டுவாள்.

மகன் காகிதத்தை இரண்டு முறை பார்த்தான். "சரிங்கப்பா" என்றான். காலி பாட்டில்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தான்.

மனைவி சொன்ன வைத்தியம்

வாளியை எப்படிச் சூடாக்குவது என்று நாங்கள் இருவரும் ஹீட்டர், கம்பளம் என்று பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி அடுப்படியிலிருந்து, "ஏனுங்க, தில்லிக் குளிருல இட்லி மாவு பொங்கலைன்னா நாம என்ன பண்ணுவோம்? இதுக்குப் போயி இத்தனை பேச்சா?" என்றாள்.

தில்லி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரியில் மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வைக்காத தமிழ்க் குடும்பம் இங்கே உண்டா? குளிருக்குப் பயந்து நாங்கள் கொண்டுபோயிருந்த ஜெய்ப்பூர் ரஜாயைக் கொடுத்துவிட்டாள். வாளியை மாடிக்குத் தூக்கி, எங்கள் படுக்கை அறையிலேயே வைத்து, படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெதுவாகச் சுழற்றிவிட்டு, ரஜாயால் சுற்றினோம். அறை வெப்பம் 21 டிகிரி. மறுநாள் ராத்திரி 'பொளக்' என்றது. மதுவைக் கையால் தொடாதவன் எட்டு நாள் பீரோடு ஒரே அறையில் படுத்துறங்கினேன்!

பிப்ரவரி 18-ல் 1.013, 21-ல் அதே 1.013. இப்போது நம்பலாம். அன்று இரவே பாட்டிலில் அடைத்தோம். மார்ச் 6-க்கு இருந்தது 14 நாள்தான்.

பாட்டில் பாடம்

போட்டிக்குப் போகும் பாட்டில் யாருடையது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. ஆகவே 12 அவுன்ஸ் பழுப்புப் பாட்டில். லேபிளைச் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடியில் எழுத்துப் பொறித்த பாட்டில் ஆகாது. மூடியில் படம் இருந்தால் கறுப்பு மையால் மறைத்துவிட வேண்டும். பழுப்பு நிறத்துக்குக் காரணம் உண்டு: வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் சத்து மாறி நாற்றம் எடுக்கும். திருகி மூடும் வகைப் பாட்டிலில், கையால் அழுத்தி மூடும் கருவி சரியாக இறுக்காது, வாயு கசிந்துவிடும்.

பாட்டிலைக் கழுவினால் மட்டும் போதாது. கிருமி நீக்கும் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, காலி வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் மூலம் அலுங்காமல் இறக்க வேண்டும். அப்போதுதான் சர்க்கரை எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே அளவாகப் போகும். சளசளவென்று ஊற்றினால் காற்றுக் கலந்து, நாளடைவில் ஈர அட்டைப்பெட்டி வாசனை வரும். மேலே ஒரு அங்குலம் காலி விட்டு மூட வேண்டும்.

ஒரு நல்ல யுக்தி: ஒரே ஒரு பாட்டில் மட்டும் குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலாக வைத்துக்கொள்வது. தினமும் அதை அமுக்கிப் பார்த்தால் உள்ளே வாயு எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். அதை அமுக்கிப் பார்ப்பது என் காலை வேலையாயிற்று. ஒப்படைக்கும் நாளன்று கெட்டியாகத்தான் இருந்தது. கல் மாதிரி என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தபால் துறை மது வகைகளைத் தபாலில் ஏற்பதில்லை. ஆகவே விண்ணப்பச் சீட்டை ரப்பர் பேண்டில் சுற்றி, காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திரும்பி வரும்போது காரில் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டான். அவர் இறந்தபோது அவன் கைக்குழந்தை. முழுக்கதையையும் அன்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் தன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒவ்வொரு முறையும் காய்ச்சிய தேதி, எத்தனை பாட்டில், யார் யாருக்குக் கொடுத்தது, தான் குடித்தது எத்தனை என்று எல்லாம் இருந்தது. வாரத்துக்கு இரண்டைத் தாண்டவில்லை. கணக்கு எழுதுகிறவனை நான் நம்புவேன்; என் தொழில் அப்படி.

போட்டி நாள்

மார்ச் 16 அன்று எனக்கும் வேலை கிடைத்தது. நடுவர்களுக்குப் பாட்டில் எடுத்துக் கொடுக்க உதவியாளர்கள் வேண்டும். குடிக்காதவர் என்றால் இன்னும் சௌகரியம்! மகனின் பிரிவு இருந்த மேஜையை மட்டும் எனக்குத் தரவில்லை, அதுதான் நியாயம்.

மதிப்பெண் 50-க்கு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. 1985-ல் தொடங்கிய நடுவர் சான்றிதழ் அமைப்பின் முறை இது. ஒரு மேஜைக்குக் குறைந்தது இரண்டு நடுவர்கள். தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு பேசி ஒத்துப்போகிறார்கள். 'நன்றாக இல்லை' என்று மட்டும் எழுதக் கூடாது. என்ன குறை, ஏன் வந்திருக்கும், எப்படித் திருத்தலாம் என்று எழுத வேண்டும். நம் ஊர்ப் பாட்டுப் போட்டி நடுவர்களுக்கும் இந்த முறை வந்தால் நன்றாயிருக்கும்.

நான் திறந்த ஒரு பாட்டில், மூடி கழன்றதும் பீறிட்டு மேஜை விரிப்பையே நனைத்தது. நடுவர் சிரித்துக்கொண்டே, முடிவதற்கு முன் அடைத்திருக்கலாம் என்று எழுதினார். அந்த மனிதருக்கு ரஜாய் கொடுக்க ஆள் இல்லை போலும்.

மகனுக்குக் கிடைத்தது 33. 'மிக நன்று' என்ற பிரிவு. மெடல் இல்லை. மணத்துக்கும் நிறத்துக்கும் பாராட்டு. 'வாயு சற்றுக் குறைவு. இன்னும் ஒரு வாரம் பாட்டிலில் இருந்திருக்கலாம்' என்று இருவருமே எழுதியிருந்தார்கள். மகன் அந்தத் தாளை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் 'அடுத்த முறை ஜனவரி 6-க்குள் காய்ச்ச வேண்டும். ஹீட்டர் வாங்க வேண்டும்' என்று எழுதினான்.

வீட்டில் மிச்சமிருந்த பாட்டிலில் ஒன்றைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தான். "குடிக்க வேண்டாங்கப்பா. மணத்துக்குப் பன்னெண்டு மார்க்கு. நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்றான். மோந்து பார்த்தேன். வறுத்த காபிக்கொட்டை, கொஞ்சம் வெல்லப்பாகு. ஒன்பது போட்டேன். நடுவர் ஒருவரும் ஒன்பதுதான் போட்டிருந்தார்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அதை அவனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தால், நலம் விசாரித்ததும் மனைவியிடம் கொடுத்துவிடுவதில்லை. வெப்பம் எத்தனை, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்கிறேன். ரஜாய் மட்டும் திரும்பி வரவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று மனைவி விட்டுவிட்டு வந்தாள்.